அம்பு தானாக நகர்ந்தால்...

நெட்பஸ் என்று ஒன்று இருந்தது. எந்த டிப்போ, எந்த ரூட் என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்வீடன் நாட்டு பாஷையில் 'பஸ்' என்றால் குறும்பு. கார்ல்-ஃப்ரெட்ரிக் நெய்க்டர் என்ற ஆசாமி 1998-ல் எழுதிவிட்ட ஒரு சின்ன ப்ரோக்ராம் அது. நண்பனின் கம்ப்யூட்டரில் எப்படியாவது அதை நுழைத்துவிட்டால் போதும். நாம் நம் வீட்டில் லுங்கியுடன் உட்கார்ந்துகொண்டு அவன் வீட்டு சி.டி. தட்டைத் திறக்கலாம், மூடலாம். மௌஸின் இடது பட்டனை வலதாக்கலாம். அவன் என்ன டைப் அடிக்கிறான் என்று எழுத்துக்கு எழுத்து பார்க்கலாம். சி.டி. தட்டு தானாக நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்தவன் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்க ஓடுவான்.

அதே வருஷம் ஆகஸ்டில், லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் இதன் பெரியண்ணன் வெளியானான். வெளியிட்ட கோஷ்டியின் பெயர் 'செத்த பசு வழிபாட்டுக் குழு'. நான் ஜோடிக்கவில்லை, நிஜப் பெயரே அதுதான். ப்ரோக்ராமின் பெயர், மைக்ரோசாஃப்டின் 'பேக் ஆபீஸ்' என்ற சரக்கைக் கிண்டல் செய்து வைத்தது. குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை என்பதால் முழுப் பெயரையும் அர்த்தத்தையும் விட்டுவிடுகிறேன். அடுத்த வருஷம் 'சப்செவன்' வந்தது. நெட்பஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் 'சப்டென்'. அதில் டென்னை எடுத்துவிட்டு செவனைப் போட்டால் சப்செவன். நம் ஊர் நியூமராலஜி ஜோசியர்கள் தோற்றார்கள்.

இதுவரை சிரித்தாயிற்று. இனிமேல் வருவதற்குச் சிரிப்பு வராது.

1999-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை ஆராய்ச்சியாளர் ஒருவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் 3,500 படங்கள் அகப்பட்டன. பார்த்தவர்கள் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவர் கம்ப்யூட்டர், அவர் மேஜை, அப்புறம் என்ன? வேலை போயிற்று. பெயர் வெளியே வந்தது. மனிதர் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது, உடம்பு கெட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டார். 2004-ம் வருஷக் கடைசியில்தான் கோர்ட் அவரை விடுவித்தது. படங்களைக் கொண்டுவந்து போட்டது அவரில்லை, நெட்பஸ் வழியாக யாரோ அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டது. நடுவில் போன ஐந்து வருஷத்தை எந்தக் கோர்ட்டாலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே, "என்கிட்ட என்ன இருக்கு ஸார் திருட? மாசக் கடைசியில அக்கவுண்ட்ல நானூறு ரூபா" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. திருடன் உங்கள் நானூறு ரூபாய்க்காக மட்டும் வருவதில்லை. உங்கள் பெயரில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேறு காரியம் செய்யவும் வருவான்.

இந்த ஜாதி ப்ரோக்ராம்களுக்கு இன்றைய பெயர் ரிமோட் ஆக்ஸஸ் ட்ரோஜன். முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'ராட்', அதாவது எலி. மௌஸை நாம் பிடித்திருக்கிறோம், எலி நம்மைப் பிடித்திருக்கிறது. விலையும் ஒன்றும் ஆகாத விலையில்லை. 'பிளாக்ஷேட்ஸ்' என்ற எலியை 40 டாலருக்குக் கடை போட்டு விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்தது என்றது அமெரிக்க அரசுத் தரப்பு. 2014 மே மாதம் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து தொண்ணூறு பேருக்கு மேல் அமுக்கினார்கள். வாங்கியவர்கள் எல்லாம் மகா மேதைகள் இல்லை. கம்ப்யூட்டர் தெரியாதவனும் பட்டனை அமுக்கிக் குடைச்சல் கொடுக்கலாம் என்பதுதான் அந்தச் சரக்கின் விசேஷமே. அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோமியே தன் லேப்டாப் காமிராவில் டேப் ஒட்டியிருப்பதாக 2016-ல் ஒப்புக்கொண்டார். நீங்கள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாலும் சரி, வேலை நடக்கும்.

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எலி பிடிப்பது பெரும்பாலும் ஆடிட் வேலை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் அது எப்படி உள்ளே வருகிறது? சுவரேறிக் குதித்து வருவது குறைவு. நாமே ஆரத்தி எடுத்துத்தான் அழைத்து வருகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கவுண்டன்ட். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வேலை. முதலாளி காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க மாட்டார். இவர் எங்கிருந்தோ ஒரு 'கிராக்' பிடித்து வந்தார். கூடவே ஒரு குறிப்புச் சீட்டு: 'இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்ட்டி-வைரஸை அணைத்துவிடவும்.' திருடன், தான் வருகிற ராத்திரி நாயைக் கட்டிப்போடும்படி தபால் கார்டு எழுதுவது போல! இவரும் சிரத்தையாக அணைத்தார். சாஃப்ட்வேர் அழகாக வேலை செய்தது. கூட வந்ததும் வேலை செய்தது.

இரண்டாவது வழி, மெயிலில் வரும் இணைப்பு. 'இன்வாய்ஸ் டாட் பி.டி.எஃப்' என்று தெரியும். விண்டோஸ், ஃபைல் பெயரின் கடைசி வாலை மறைத்துக் காட்டும் பழக்கம் கொண்டது. மறைந்திருக்கும் வாலில் 'டாட் இ.எக்ஸ்.இ' இருக்கும். அதாவது படிக்கிற காகிதமில்லை, ஓடுகிற ப்ரோக்ராம். 2000-ம் வருஷம் மே மாதம் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' இப்படி வால் மறைத்து வந்ததுதான். காதல் கடிதம் என்று நம்பித் திறந்தவர்களில் பெரிய பெரிய ஆபீஸ்காரர்களும் உண்டு. கடிதத்துக்கு அத்தனை தாகம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் அடித்து வையுங்கள். வால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழிதான் இப்போது நம் ஊரில் ஜாஸ்தி. போன் வரும். பாங்க் என்பான், கேஸ் கம்பெனி என்பான், மைக்ரோசாஃப்ட் என்பான். "ஸார், ஒரு சின்ன ஆப் மட்டும் டவுன்லோடு பண்ணுங்க, நான் இங்கேருந்தே சரி பண்ணித் தர்றேன்." இதற்கு ட்ரோஜன்கூட வேண்டாம். எனிடெஸ்க் போன்ற நல்ல, நாணயமான ப்ரோக்ராமே போதும். கம்பெனிகளில் சிஸ்டம் ஆட்கள் தினம் உபயோகிக்கிற சாதனம்தான். கத்தி காய் நறுக்கவும் செய்யும் இல்லையா? 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. இதில் பெரிய சங்கடம், அது நாணயமான ப்ரோக்ராம் என்பதால் ஆன்ட்டி-வைரஸ் பெரும்பாலும் வாயே திறக்காது.

சரி, உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, எவனோ உள்ள பூந்துட்டான் ஸார்" என்று ஒரு ஆபீஸ் நண்பர் போனில் பதறினார்.

"ராம் எவ்வளவு?"

"நாலு ஜி.பி."

"பிரௌஸர்ல எத்தனை டாப் திறந்திருக்கு?"

கொஞ்ச நேரம் மௌனம். "அறுபது இருக்கும்."

மந்தம் என்பது லட்சணமே இல்லை. நல்ல எலி சத்தம் போடாது. அம்பு தானாக நடுங்குவதற்கும் முக்கால்வாசி சமயம் காரணம் டச்பேடில் படிந்த தேங்காயெண்ணெய். ஆனால் அம்பு நிதானமாக நகர்ந்து, ஒரு மெனுவைத் திறந்து, ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் அது எண்ணெய் இல்லை. நீங்கள் அணைக்காமலே ஆன்ட்டி-வைரஸ் அணைந்து கிடந்தால், நீங்கள் அனுப்பாத மெயில் 'சென்ட்'டில் இருந்தால், கூப்பிடாமலே ஓ.டி.பி. வந்தால், காமிரா விளக்கு சும்மா எரிந்தால் சந்தேகப்படலாம்.

கண்ணெதிரே அம்பு வேலை செய்கிறதா? யோசிக்கவே யோசிக்காதீர்கள். வைஃபையை அணையுங்கள், வயர் இருந்தால் பிடுங்குங்கள். எலிக்கு உயிர்நாடி இன்டர்நெட். அது போனால் எஜமானன் குருடன். வெறும் சந்தேகம்தான் என்றால் இணைப்போடு ஒரு ஐந்து நிமிஷம் கணக்குப் பார்க்கலாம்.

நெட்பஸ் காலத்து எலிகள் வீட்டில் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எஜமானன் வருவதற்காகக் காத்திருக்கும். நெட்பஸ் திறந்த கதவின் எண் 12345. இதைவிட மறக்க முடியாத நம்பர் உண்டா? இப்போது வீட்டுக்கு வீடு ரவுட்டர் வாட்ச்மேனாக நிற்கிறது. வெளியிலிருந்து கூப்பிடாமல் வருகிறவனை உள்ளே விடாது. அதனால் இன்றைய எலி தானே உள்ளிருந்து வெளியே போன் போடுகிறது. உள்ளே இருக்கிறவர் வெளியே பேசினால் வாட்ச்மேன் கேட்க மாட்டான் அல்லவா? ஆகையால் நாம் பார்க்க வேண்டியது வெளியே போகும் அழைப்புகளின் பட்டியல்.

எல்லா ஆன்லைன் சமாசாரங்களையும் மூடுங்கள். பிரௌஸர், வாட்ஸப், பாட்டு எல்லாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட்ஸ்டாட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, மைனஸ் குறி போட்டு, ஒட்டியே ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்து. என்டர் தட்டினால் டே-புக் மாதிரி வரிவரியாக ஓடும். இந்தப் பக்கம் உங்கள் விலாசம், அந்தப் பக்கம் வெளியூர் விலாசம், 'எஸ்டாப்ளிஷ்ட்' என்றால் இப்போது பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு நம்பர். அதுதான் வவுச்சர் நம்பர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மானேஜர். அதில் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் அதே நம்பர் எந்த ப்ரோக்ராமுக்கு இருக்கிறது என்று பாருங்கள். வலது பட்டனைத் தட்டி, ஃபைல் இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

பயந்துவிடாதீர்கள். ஐம்பது வரி இருந்தால் பெரும்பாலும் ஐம்பதும் யோக்கியமானவை. பி.காம். பசங்களுக்குச் சொன்னால் புரியும்: எந்த ஹெட்டிலும் சேராத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோமே, அப்படிப் பெயர் புரியாததை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக வவுச் பண்ண வேண்டும். எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறது? 'ப்ராப்பர்ட்டீஸ்'-ல் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா? யாருடையது? 'எஸ்.வி.சி.ஹோஸ்ட்' என்ற பெயரில் பத்திருபது இருக்கும், எல்லாம் விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள். அவற்றின் வீடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் 32. அதே பெயரில் ஒன்று உங்கள் 'டவுன்லோட்ஸ்'-லோ 'டெம்ப்'-பிலோ குடியிருந்தால், அல்லது நடுவில் வி-யும் சி-யும் இடம் மாறியிருந்தால், போலி. காசோலையில் கையெழுத்தைப் பார்க்கிற கண்ணோடு பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எலி செத்துவிடாது. மறுபடி எழுந்திருக்க எங்காவது பெயர் பதிந்து வைத்திருக்கும். டாஸ்க் மானேஜரிலேயே 'ஸ்டார்ட்டப்' பட்டியல் இருக்கிறது. ஆனால் அது வாசல் திண்ணை மட்டும்தான். பரண் வரை பார்க்க 'ஆட்டோரன்ஸ்' என்று ஒரு இலவச ப்ரோக்ராம் உண்டு. சிஸ் இன்டர்னல்ஸ்காரர்கள் எழுதியது. 2006-ல் மைக்ரோசாஃப்டே அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. தானாகக் கிளம்பும் எல்லாவற்றையும் அது கொட்டிக் காட்டும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொன்னால் பட்டியல் பாதியாகும். டிக்கை எடுத்தால் அது கிளம்பாது. தப்பாக எடுத்துவிட்டால் மறுபடி டிக் போட்டுக்கொள்ளலாம். ஆகவே எடுத்தவுடன் 'டெலீட்' பண்ணுகிற வீரம் வேண்டாம். இன்ஸ்டால் ஆன ப்ரோக்ராம்களின் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் வகையறா நீங்கள் போடாமல் இருக்கிறதா? புதிதாக ஒரு 'யூஸர்' முளைத்திருக்கிறாரா?

ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் இந்தச் சாகசம் எதுவும் கூடாது. வயரைப் பிடுங்கிவிட்டு சிஸ்டம் ஆசாமியிடம் எழுத்தில் சொல்லுங்கள், வாயால் இல்லை. அழித்துவிட்டால் தடயமும் போகும். நாளைக்கு யாராவது "இந்த மெயில் உங்க மெஷின்லேருந்துதானே போயிருக்கு?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. லுண்ட் பல்கலைக்கழக மனிதரைக் காப்பாற்றியதே அந்தக் கம்ப்யூட்டரில் அகப்பட்ட தடயம்தான். சொந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், பணம் போயிருந்தால், முதலில் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கை வையுங்கள்.

இப்போது நீக்குகிற படலம். கெட்டிக்கார எலிகள் யோக்கியமான ப்ரோக்ராமின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டு அதன் பெயரிலேயே பேசும். பட்டியலில் பார்த்தால் தெரியாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் பண்ணினால் ஒளிந்துகொள்ளவும் சாமர்த்தியம் உண்டு. அதற்குத்தான் விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதற்குள், 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸை எழுப்பாமலேயே வீட்டைச் சோதிக்கும். கால் மணி நேரம் போல ஆகும். இலவசம். நிறைய பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அது எலியைப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்பாடா என்று காப்பி சாப்பிடப் போகலாமா? இங்கேதான் எனக்கும் நம் நண்பர்களுக்கும் அபிப்பிராய பேதம். உள்ளே ஒரு மாதம் இருந்தவன், போவதற்குள் பின்கட்டுச் சாவிக்கு நகல் எடுத்திருக்க மாட்டான் என்று எப்படி நம்புவது? எலி என்பது இன்னொருவன் கையில் இருந்த கம்ப்யூட்டர். அவன் அதற்குள் வேறு என்ன செய்தான் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. என் கட்சி: டாக்குமென்ட்டுகளையும் போட்டோக்களையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டு, வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும் பென்டிரைவ் தயாரித்து, டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ப்ரோக்ராம்களைக் காப்பி எடுக்காதீர்கள், அந்தக் கிராக்கை முக்கியமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். போகட்டும்.

ஜனங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வது பாஸ்வேர்டு விஷயத்தில்தான். சந்தேகம் வந்த நிமிஷமே, அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுவார்கள். எலி டைப் அடிப்பதைப் படிக்கிற ஜந்து ஸார்! பழைய சாவியோடு புதிய சாவியையும் கையில் கொடுத்த மாதிரி. மாற்றுவதை வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ செய்யுங்கள். ஆனால் எனிடெஸ்க் ஆசாமி உங்கள் போனுக்குள்ளேயே வந்திருந்தால் அந்தப் போன் ஆகாது. முதலில் மெயில் பாஸ்வேர்டு. மற்ற எல்லா பாஸ்வேர்டையும் மீட்கிற வழி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் பாங்க், அப்புறம் மிச்சம். பிரௌஸர் நினைவில் வைத்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாமே போய்விட்டதாகக் கணக்கு. 'எல்லா டிவைஸ்களிலிருந்தும் வெளியேறு' என்ற பட்டனையும் மறக்காமல் தட்டுங்கள். அவன் ஏற்கெனவே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருந்தால், சில இடங்களில் பாஸ்வேர்டு மாறினாலும் எழுந்து போக மாட்டான்.

அந்த மொத்த வியாபாரக் கடை அக்கவுண்டன்ட் இவ்வளவும் செய்தார். விண்டோஸ் புதிது, பாஸ்வேர்டு புதிது, முதலாளி கூட மனமிரங்கி சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு பார்ட்டி போன் பண்ணினார்.

"என்ன தம்பி, பாங்க் அக்கவுண்ட் மாத்திட்டதா உங்க பில்லைப் பார்த்துட்டு இன்னொரு மெயில் வந்திருக்கு. நிஜமா?"

நல்லவேளை, கேட்டாரே! தேடிப் பார்த்தால் மெயில் செட்டிங்கில் ஒரு 'ஃபில்டர்' இருந்தது. 'இன்வாய்ஸ்' என்ற வார்த்தை உள்ள கடிதம் எதுவானாலும் முன்பின் தெரியாத ஒரு விலாசத்துக்கு ஒரு காப்பி. கம்ப்யூட்டரைத் துடைத்தால் அது போகாது, ஏனென்றால் அது இருந்தது கம்ப்யூட்டரில் இல்லை, மெயில் கம்பெனியின் கணக்கில். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். உங்கள் மெயிலில் இப்போதே 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்காகக் கொடுத்திருக்கும் போன் நம்பர் உங்களுடையதுதானா என்பதையும்.

பணம் போய்விட்டிருந்தால் மேலே சொன்னது எல்லாம் அப்புறம். முதலில் 1930-க்கு போன், கூடவே பாங்குக்கு. நாடு முழுவதற்கும் அந்த ஒரே நம்பர்தான். புகாரை சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்க வெப்சைட்டிலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போகிற பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கூப்பிடும்போது பணம் போன தேதி, நேரம், தொகை, ட்ரான்ஸாக்ஷன் நம்பர் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சொந்த அக்கவுண்ட் நம்பரே மறந்துபோகும்.